காட்டிக்கொடுத்தால் 'கிவ் அவே', விட்டுக்கொடுத்தால் 'கிவ் இன்'

தமிழில் 'கொடு' செய்யும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'கிவ்' செய்கிறது. 'கொடு' என்ற வினைக்கு முன்னால் 'விட்டு' சேர்ந்தால் ஒரு பொருள், 'காட்டி' சேர்ந்தால் வேறு பொருள், 'போட்டு' சேர்ந்தால் இன்னொன்று. விட்டுக்கொடுப்பவர் இணங்கிப் போகிறார். காட்டிக்கொடுப்பவர் துரோகம் செய்கிறார். போட்டுக்கொடுப்பவர் மேலதிகாரியிடம் கோள் சொல்கிறார். மூவரில் ஒருவரும் எதையும் கையால் எடுத்துத் தரவில்லை. ஆங்கிலத்திலும் 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடுப்பது, 'கிவ் அவே' என்றால் காட்டிக்கொடுப்பது, 'கிவ் அப்' என்றால் கைவிடுவது. தமிழில் துணைச்சொல் முன்னால் வருகிறது, ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆங்கிலம் கற்கும் தமிழருக்கு இந்தச் சொற்கள் அச்சம் தருகின்றன. 'கிவ்', 'புட்', 'கெட்', 'டேக்', 'செட்' என்று முதல் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டப் பழகிய சொற்கள், பட்டம் வாங்கிய பிறகும் பேச்சில் பிடிபடாமல் நழுவுகின்றன. 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 'செட்' என்ற ஒரு வினைக்கு மட்டும் 430 பொருள்களைப் பதிவு செய்தது. அத்தனையையும் மனப்பாடம் செய்து ஆங்கிலம் பேசுபவர் உலகில் எவரும் இல்லை. அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் காது பழகிக்கொள்கிறது.

இந்தச் சிக்கல் இன்று கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் பழக்கம் ஆங்கிலத்தில் மிகுதி என்றும், வெளிநாட்டவருக்கு அதுவே பெரும் இடர் என்றும் முன்னுரையில் எழுதினார். இவற்றுக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. அந்தப் பெயரை அவருக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி. தமிழில் இதைக் கூட்டுவினை என்று சொல்லிவிடலாம்.

கூட்டுவினையில் பின்னால் ஒட்டும் சிறு சொல், பெரும்பாலும் திசையைக் காட்டும் சொல். ஆனால் ஒட்டிய பிறகு திசையை மறந்துவிடுகிறது. 'ஈட் அப்', 'டிரிங்க் அப்', 'யூஸ் அப்' ஆகியவற்றில் எதுவும் மேலே போவதில்லை. இந்த 'அப்', செயல் முழுமையாக முடிந்ததைச் சொல்கிறது. சாப்பிடு என்பதற்கும் சாப்பிட்டுவிடு என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்த யாருக்கும் இந்த 'அப்' புதிதல்ல. தமிழின் 'விடு' செய்யும் வேலை அது. 'அவுட்' பல இடங்களில் இல்லாமல் போவதைக் குறிக்கும். 'புட் அவுட்' என்றால் நெருப்பையோ விளக்கையோ அணைப்பது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்றால் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. 'ஆஃப்' விலகலைக் காட்டும். 'செட் ஆஃப்' என்றால் பயணம் கிளம்புவது, 'சீ ஆஃப்' என்றால் வழியனுப்புவது, 'கால் ஆஃப்' என்றால் நடக்கவிருந்ததை ரத்து செய்வது. எல்லாக் கூட்டுவினையையும் இப்படிப் பிரித்து விளக்கிவிட முடியாது. ஆனாலும் பாதி வழி வரை இந்த உணர்வு கொண்டுபோய் விடும்.

சொல்வரிசையில் ஒரு விதி மட்டும் தவறக்கூடாதது. கூட்டத்தைத் தள்ளிப்போடுவதை 'புட் ஆஃப் த மீட்டிங்' என்றும் சொல்லலாம், 'புட் த மீட்டிங் ஆஃப்' என்றும் சொல்லலாம். மீட்டிங் என்ற சொல்லுக்குப் பதிலாக 'இட்' வந்தால் 'புட் இட் ஆஃப்' மட்டுமே சரி. 'புட் ஆஃப் இட்' என்று யாரும் சொல்வதில்லை. 'லுக் ஆஃப்டர்' போன்ற சில வினைகளோ பிரியவே பிரியாது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றே வரும்.

வண்டியில் ஏறுவதற்குத் தமிழுக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் காரில் ஏறினால் 'கெட் இன்', பேருந்தில் ஏறினால் 'கெட் ஆன்'. குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டிய வண்டிக்கு 'இன்'. நின்று நடமாடக்கூடிய பேருந்து, ரயில், விமானம், கப்பலுக்கு 'ஆன்'. மேலே ஏறி அமரும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் 'ஆன்'தான்.

ஒரே பொருளுக்கு இரண்டு சொல்

பள்ளிப் பாடத்தில் கற்ற ஆங்கிலம் வீதியில் கைகொடுக்காததற்கு வரலாற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு நீண்ட காலம் ஆண்டது. தொழுவத்தில் நிற்கும் விலங்குக்குப் பழைய ஆங்கிலப் பெயரும் தட்டில் வரும் இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயரும் நிலைத்தன. 'கௌ' சமைத்தால் 'பீஃப்', 'பிக்' சமைத்தால் 'போர்க்', 'ஷீப்' சமைத்தால் 'மட்டன்'. (தமிழ்நாட்டு ஓட்டல்களில் மட்டன் என்பது பெரும்பாலும் வெள்ளாடு. பிரிட்டனில் அது செம்மறி.) திருச்சபையும் பல்கலைக்கழகங்களும் லத்தீன் சொற்களைக் கொண்டுவந்தன. இதனால் ஒரே பொருளுக்கு வீட்டுச் சொல் ஒன்றும் ஏட்டுச் சொல் ஒன்றும் சேர்ந்தே வாழ்கின்றன.

சகித்துக்கொள்வதற்கு ஏட்டில் 'டாலரேட்', வீட்டில் 'புட் அப் வித்'. விசாரிப்பதற்கு ஏட்டில் 'இன்வெஸ்டிகேட்', வீட்டில் 'லுக் இன்டு'. ஒத்திவைப்பதற்கு ஏட்டில் 'போஸ்ட்போன்', வீட்டில் 'புட் ஆஃப்'. தமிழிலும் அரசாணையில் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். பாடநூலும் தேர்வும் ஏட்டுச் சொல்லையே பெரிதும் கேட்பதால், தமிழ் மாணவர் 'எக்ஸ்டிங்விஷ்' என்று பிழையின்றி எழுதுவார். அடுப்பை அணைக்கச் சொல்ல மட்டும் ஒரு கணம் திணறுவார். மாணவர் மேல் சொல்லத்தக்க குறை இதில் இல்லை. வீட்டு ஆங்கிலம் அவருக்கு வகுப்பறையில் கிடைக்கவே இல்லை.

எத்தனை சொல் தெரிந்தால் போதும் என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டில் பலர் விடை தேடினார்கள். 1930இல் சி.கே. ஆக்டன் 850 சொற்களைக் கொண்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைகள் 18 மட்டுமே. 1943இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய வின்ஸ்டன் சர்ச்சில் அதை ஆதரித்தார். பட்டியல் குறுகியதுதான். ஆனால் 'கம்', 'கெட்', 'கிவ்', 'புட்', 'டேக்' ஆகிய வினைகளோடு திசைச்சொற்களைச் சேர்த்தே மற்ற வினைகளின் வேலையை அது வாங்க வேண்டியிருந்தது. கடினமான 'டாலரேட்' போய், அதைவிடக் கடினமான 'புட் அப் வித்' உள்ளே வந்தது. எண்ணிக்கையில் மிச்சம் பிடித்ததைக் கற்பவரின் மூளை ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

மைக்கேல் வெஸ்ட் வேறு வழியில் போனார். வங்காளத்தின் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய அவர், வங்காளச் சிறுவர்கள் ஆங்கிலத்தைப் படித்துப் புரிந்துகொள்ள என்ன வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார். 1935இல் அவர் ஜே.ஜி. எண்டிகாட்டுடன் தயாரித்த அகராதி, ஏறத்தாழ 24,000 பதிவுகளை வெறும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதியைப் புரட்ட வேண்டாம். 1953இல் வெளிவந்த அவரது பொதுச்சொல் பட்டியலில் சுமார் 2,000 தலைச்சொற்கள் இருந்தன. பொதுவான எழுத்தில் வரும் சொற்களில் பத்தில் எட்டு இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும்.

கற்பவருக்கான புகழ்பெற்ற இன்னோர் அகராதியும் ஆசியாவில்தான் பிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, இ.வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்டு மூவரும் தொகுத்த அகராதியை 1942இல், போருக்கு நடுவே, டோக்கியோவின் கைதாகுஷா நிறுவனம் வெளியிட்டது. 1948இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபடி அச்சிட்டது. ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி என்று பிற்காலத்தில் பெயர் பெற்றது இதுவே. சொல்லின் பொருளைச் சொல்வதோடு நிற்காமல், அதை வாக்கியத்தில் எப்படி வைப்பது என்பதையும் ஒவ்வொரு வினைக்கும் காட்டியது இதன் சிறப்பு. தாய்மொழிக்காரருக்குத் தேவைப்படாத இந்தத் தகவல்தான் கற்பவருக்கு உயிர்.

பானை வனைவது போல

தமிழ் இலக்கண வகுப்பில் மரபு என்றொரு பாடம் உண்டு. குயில் கூவும், மயில் அகவும். கூடை முடைவார்கள், பானை வனைவார்கள். 'பானை செய்தார்' என்றாலும் பொருள் புரியும், ஆனாலும் மரபு வழு. ஏன் வனைய வேண்டும் என்று கேட்டால், முன்னோர் அப்படிச் சொன்னார்கள் என்பதே விடை.

ஆங்கிலத்திலும் இதே வினைமரபு ஆள்கிறது. தவறு செய்வது 'மேக் எ மிஸ்டேக்', வீட்டுப்பாடம் செய்வது 'டூ ஹோம்வொர்க்', படம் எடுப்பது 'டேக் எ போட்டோ'. மழைக்கு 'ஹெவி', தேநீருக்கு 'ஸ்ட்ராங்', காற்றுக்கும் 'ஸ்ட்ராங்'. 1980களில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் கோடிக்கணக்கில் ஆங்கிலச் சொற்களைக் கணினியில் சேர்த்து ஆராய்ந்தபோது இந்தக் கூட்டுறவு எவ்வளவு ஆழமானது என்பது கண்கூடாயிற்று. அந்த ஆய்விலிருந்து 1987இல் கோபில்டு அகராதி வந்தது. பேசுபவர் சொற்களை ஒவ்வொன்றாகக் கோக்காமல், முன்பே கோத்த சரங்களாக எடுத்து வைக்கிறார் என்பது சின்க்ளேர் கண்ட உண்மை.

தமிழிலிருந்து நேராகப் பெயர்க்கும்போது மரபு முறிகிறது. கையெழுத்துப் 'போடுவது' மனத்தில் இருப்பதால் 'புட் சைன்' வருகிறது. ஆங்கிலத்துக்கு 'சைன்' மட்டும் போதும். விளக்கை அணைக்கச் சொல்ல 'ஆஃப் த லைட்' என்கிறார்கள். 'டர்ன் ஆஃப்' அல்லது 'ஸ்விட்ச் ஆஃப்' என்று வினை இருந்தாக வேண்டும். வகுப்பில் கை தூக்கும் மாணவர் 'ஐ ஹேவ் எ டவுட்' என்கிறார். தமிழில் சந்தேகம் கேட்பது பணிவான செயல். பிரிட்டிஷ் ஆசிரியர் காதில் 'டவுட்' என்பது நம்பிக்கையின்மையாக விழும். சொல்ல வேண்டியது 'ஐ ஹேவ் எ கொஸ்டின்'.

காலை வாருவதும் இழுப்பதும்

மரபுத்தொடர்களில் சில இரு மொழியிலும் ஒரே படமாக நிற்கின்றன. முதலைக் கண்ணீர், முதுகில் குத்துவது, எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அப்படியே இணை உண்டு. 'சிவப்பு நாடா' ஆங்கிலத்திலிருந்து நேராக மொழிபெயர்த்து வந்தது. அரசு ஆவணங்களைச் சிவப்பு நாடாவால் கட்டிவைத்த வழக்கம் அதன் பின்னணி.

வேறு சிலவற்றில் கருத்து ஒன்று, காட்சி வேறு. தமிழர் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறார். ஆங்கிலேயர் இரண்டு பறவைகளை அடிக்கிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்பதை அவர்கள் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்கிறார்கள். டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நிலக்கரி ஏற்றுமதிக்கே பேர்போன துறைமுகம். இங்கே கண்டும் காணாமல் இருப்பது, அங்கே குருட்டுக் கண்ணைத் திருப்புவது. 1801இல் கோபன்ஹேகன் போரில் பின்வாங்கச் சொன்ன கொடியைப் பார்க்க மறுத்து, தளபதி நெல்சன் பார்வையற்ற கண்ணில் தொலைநோக்கியை வைத்தார் என்ற கதையோடு இந்தத் தொடர் இணைத்துப் பேசப்படுகிறது.

உண்மையான ஆபத்து, காட்சி ஒன்றாகவும் கருத்து வேறாகவும் இருக்கும் தொடர்களில் இருக்கிறது. தமிழில் காலை வாரிவிடுவது நம்பியவரைக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் ஒருவர் காலை இழுப்பது, 'புல் சம்ஒன்ஸ் லெக்', விளையாட்டாகக் கேலி செய்வது. நண்பர் 'ஐம் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்றால் கோபப்பட வேண்டியதில்லை. கை நீளம் என்றால் தமிழில் திருட்டுப் புத்தி. ஆங்கிலத்தில் 'லாங் ஆர்ம் ஆஃப் த லா' என்பது எங்கே ஓடினாலும் எட்டிப் பிடிக்கும் சட்டத்தின் கை. தமிழில் கையை விரித்துவிட்டார் என்றால் உதவ மறுத்துவிட்டார். 'ஓப்பன்-ஹேண்டட்' என்றாலோ வள்ளல். கறை படிந்த கை இங்கே ஊழலுக்கு அடையாளம். 'கெட் யுவர் ஹேண்ட்ஸ் டர்ட்டி' என்று ஒரு மேலாளர் சொன்னால், உட்கார்ந்த இடத்திலிருந்து ஏவாமல் இறங்கி வேலை செய் என்று பொருள் கொள்ளலாம். உடல் உறுப்புகளை வைத்துப் பிறந்த தொடர்களை எதிர்கொள்ளும்போது தமிழ் மனம் தரும் முதல் பொருளை நம்பாமல் அகராதியைப் பார்ப்பதே நல்லது.

தொடர்களின் ஊற்றுகளில் கடலுக்குத் தனி இடம் உண்டு. 'பை அண்ட் லார்ஜ்' என்பது இன்று 'பெரும்பாலும்' என்ற பொருளில் வழங்குகிறது. பாய்க்கப்பல் காற்றை எதிர்த்தும் காற்றோடும் ஓடும் நிலைகளைக் குறித்த மாலுமிச் சொற்கள் அவை. 'டேக்கன் அபேக்' என்று திகைத்து நிற்பதும், காற்று முன்னாலிருந்து அடித்துப் பாயைக் கம்பத்தோடு அழுத்திய நிலையிலிருந்து வந்தது. கிரிக்கெட் தந்தவற்றை விளக்கவே வேண்டாம். 'ஆன் த பேக் ஃபுட்', 'ஸ்டம்ப்டு', 'எ குட் இன்னிங்ஸ்' ஆகியவை ஆட்டம் பார்த்த எவருக்கும் தாமே விளங்கும். 'ஸ்டிக்கி விக்கெட்' மட்டும் இளையவர்களுக்குப் பிடிபடாது. ஆடுகளத்தை மூடிவைக்காத காலத்தில் மழை நனைத்த தரை வெயிலில் காயும்போது பந்து கண்டபடி எகிறும். அந்த இக்கட்டுதான் அது. விவிலியத்திலிருந்து வந்தவை தேவாலயத்துக்கு வெளியேயும் புழங்குகின்றன. 'த ரைட்டிங் ஆன் த வால்' தானியேல் ஆகமத்தில் அரசனின் வீழ்ச்சியை அறிவித்த சுவரெழுத்து. தமிழ் விவிலியம் படித்தவருக்கு அந்தக் காட்சி முன்பே தெரியும்.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடரைப் பள்ளியில் கற்காதவர் குறைவு. 1738இல் வெளிவந்த ஜோனதன் ஸ்விஃப்டின் நூலொன்றில் அது இருக்கிறது. தோற்றம் மட்டும் உறுதியாகவில்லை. கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்தன என்று உலவும் கதைக்கு ஆதாரம் கிடையாது. அன்றாடப் பேச்சில் 'இட்ஸ் போரிங் டவுன்' என்பதே இயல்பு. இதில் உள்ள 'போர்', தண்ணீரை ஊற்றுவது. சலிப்புக்கான 'போரிங்' அல்ல.

மரியாதையும் புணர்ச்சியும்

தமிழில் 'வா', 'வாங்க' என்று வினையின் ஈற்றிலேயே மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் வேறுபாடு இருந்தது. 'தௌ' என்ற ஒருமை 17ஆம் நூற்றாண்டில் பொதுப் பேச்சிலிருந்து மறையத் தொடங்கியது. மிஞ்சிய 'யூ' எல்லோருக்கும் பொது. அதனால் மரியாதை வேறிடத்துக்குக் குடிபெயர்ந்தது. 'கேன்' என்பதைவிட 'குட்', 'வில்' என்பதைவிட 'வுட்' பணிவானது. 'கிவ் மீ வாட்டர்' என்பதோடு 'சார்' சேர்த்தாலும் கட்டளையின் தொனி போகாது. 'குட் ஐ ஹேவ் சம் வாட்டர், ப்ளீஸ்?' என்று கேட்டால் 'கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்' என்ற குழைவு வந்துவிடும்.

'வுட் யூ மைண்ட்' என்று தொடங்கும் கேள்வியில் விடை தலைகீழாகிறது. 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா' என்பது அதன் உள்பொருள். சன்னலைத் திறக்கச் சம்மதம் என்றால் 'நோ, நாட் அட் ஆல்' என்று சொல்ல வேண்டும். 'எஸ்' என்று மட்டும் சொன்னால் மறுப்பாகிவிடும். 'ஐம் அஃப்ரெய்ட் வி ஆர் குளோஸ்டு' என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் எதற்கும் பயப்படவில்லை. வருத்தத்தோடு இல்லை என்கிறார்.

படித்தால் புரிவது கேட்டால் புரியாமல் போவதற்குப் புணர்ச்சி ஒரு முக்கியக் காரணம். 'பிக் இட் அப்' என்ற மூன்று சொற்களும் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாகக் காதில் விழும். மெய்யெழுத்தின் மேல் உயிர் வந்து ஒன்றுவது நன்னூல் படித்தவருக்குப் பழைய செய்தி. உடம்படுமெய்கூட ஆங்கிலத்தில் உண்டு. 'கோ அவுட்' என்பதன் நடுவே மெல்லிய வகரம் தோன்றும், 'சீ இட்' என்பதன் நடுவே யகரம். தமிழில் எந்த உயிருக்குப் பின் எது வருமோ, ஏறக்குறைய அதே ஒழுங்கு. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாகக் கேட்க முயல்பவர் இதனால்தான் தொடரைத் தவறவிடுகிறார். கூட்டுவினையைக் கற்கும்போது ஏட்டிலிருந்து மட்டும் கற்காமல், ஒரே மூச்சில் உரக்கச் சொல்லிப் பழகினால் காதும் சேர்ந்து கற்கும்.

ஊர்மாறிய சொற்கள்

தமிழ்ப் பேச்சுக்குள் வந்த ஆங்கிலச் சொற்கள் இங்கே புதுப் பொருள் எடுத்திருக்கின்றன. 'ஃபீல் பண்ணாதே' என்றால் வருந்தாதே. ஆங்கிலத்தில் 'டோன்ட் ஃபீல்' என்பது முடிவுபெறாத வாக்கியம். என்ன உணர வேண்டாம் என்று கேட்பவர் காத்திருப்பார். 'டோன்ட் வொரி' அல்லது 'டோன்ட் பி அப்செட்' என்பதே அங்கே பொருந்தும். 'பில்டப்' தமிழில் வெற்று ஆரவாரம். ஆங்கிலத்தில் படிப்படியாகச் சேர்வது. இவற்றைத் தமிழில் பிழை என்று சொல்வதற்கில்லை. தமிழுக்கு வந்தபின் அவை தமிழ்ச் சொற்கள். ஆங்கிலம் பேசும்போது அதே பொருளோடு திரும்ப எடுத்துச் செல்வதுதான் சிக்கல்.

எதிர்த்திசையிலும் சொற்கள் போயிருக்கின்றன. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்', மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி'. பறையர் என்ற மக்களின் பெயரை ஆங்கிலம் எடுத்து, ஒதுக்கிவைக்கப்பட்டவரைக் குறிக்கும் 'பரையா' என்ற பொதுச்சொல்லாக்கியது. பன்னாட்டுச் செய்திகளில் சில நாடுகளை அப்படி அழைப்பது இன்றும் தொடர்கிறது. ஒரு சமூகத்தின் பெயரை இழிவுக்கு உவமையாக்கும் அந்தச் சொல்லைத் தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை இல்லை. அந்த இடத்தில் 'அவுட்காஸ்ட்' என்ற சொல்லும் வேண்டாம். 'ஐசொலேட்டட்', 'ஷன்டு' போன்றவை போதும்.

இந்திய ஆங்கிலத்துக்கே உரிய தொடர்கள் மற்றொரு வகை. 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிராக எழுந்த 'பிரிபோன்', முன்கூட்டி வைப்பதைக் குறிக்கும் கச்சிதமான சொல். ஆக்ஸ்போர்டு அகராதியும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்தியாவுக்கு வெளியே 'பிரிங் ஃபார்வர்டு' என்றால்தான் உடனே புரியும். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பது, அதிகாரிகள் பணிபுரிந்த ஊரை 'ஸ்டேஷன்' என்று அழைத்த பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தின் எச்சம். வெளியூர் போயிருப்பதைச் சொல்ல 'அவுட் ஆஃப் டவுன்' பொதுவானது. வேலைக்கான நேர்காணலில் மிகுதியாகக் கேட்கும் தொடர் 'ஐ பாஸ்டு அவுட்'. இந்தியாவில் அதற்குப் படிப்பை முடித்தேன் என்று பொருள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மயங்கி விழுந்தேன் என்று பொருள். 'ஐ கிராஜுவேட்டட்' என்பது மூன்று நாடுகளிலும் ஒரே பொருளில் புரியும்.